ஆள் இல்லாத விடியல்

“சூரியன் பீச்சுல உதிக்குது சார். நீங்க எதுக்கு மேட்டுப்பாளையம் பக்கம் போறீங்க?” என்று கேட்டார் ஆட்டோக்காரர். 2007 ஜனவரி, காலை ஐந்து மணி. நியாயமான கேள்விதான். கேமராவோடு புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரையைத் தாண்டுவதில்லை. எனக்குக் கடல் விடியல் திகட்டிவிட்டது. மரமில்லாத மேட்டு நிலம், புதர், பனி, இவற்றைத் தேடித்தான் ஊர் ஊராக அலைகிறேன். போகவர இருநூறு ரூபாய் என்று பேசி ஏறினோம்.

கூட வந்தவர், நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அந்துவான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் இவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள். புதுச்சேரியின் இந்த மேட்டுப்பாளையத்தில், தொழிற்பேட்டைக்கு அப்பால் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் வீடு கட்டி மனைவியோடு குடியேற ஆசை. அந்த அம்மாள் லூர்து, மகளின் பிரசவத்துக்கென்று பிரான்சுக்குப் போனவர், மூன்று வருடமாகத் திரும்பவில்லை.

“முள்ளுக்காட்டுல யாரு குடியிருப்பான்றா. நீங்க எடுக்கற போட்டோவப் பாத்தா வந்துடுவா முசியே” என்றார் அந்துவான். ‘முசியே’ என்பது அவர் ‘சார்’ போடும் விதம். நான் வந்ததே அப்படி ஒரு நிலத்தைப் படம் எடுக்கத்தான். கரும்பு தின்னக் கூலியா என்று ஒப்புக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு கிலோமீட்டர். தொழிற்சாலை விளக்குகள் பின்தங்கியதும் தார்ச்சாலையும் தீர்ந்தது. செம்மண் மேடு, சூரைப் புதர், ஈச்சம் புதர். பள்ளங்களில் மட்டும் பனி தேங்கியிருந்தது.

“பிரான்சுல வடக்கே டூட்டில இருந்தப்ப இதே மாதிரிதான். புதரு, பனி, ஒரு மரம் இருக்காது” என்றார்.

ஆறே முக்காலுக்குச் சூரியன் புதர் நுனிக்கு வந்தது. மண்ணும் கல்லும் ஒருசேரச் சிவந்தன. அந்துவான் ஆர்வத்தில் குறுக்கே நடந்தார். “ஐயா, கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றேன். தள்ளினார். அவர் நிழல் விழுந்தது. இன்னும் தள்ளச் சொன்னேன். கடைசியில் ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நிலக்காட்சி எடுக்கிறவர்களின் புத்தி அது, மனுஷன் விழுந்தால் படம் கெட்டது. தூரத்துத் தொழிற்சாலைப் புகைபோக்கி ஒன்றையும் இதேபோல் ஒதுக்கினேன்.

பத்து மணிக்கு நேரு வீதியில் ஓர் இன்டர்நெட் மையத்திலிருந்து ஆறு படங்களை அனுப்பினோம். மாலையில் போன் வந்தது. பாராட்டை நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“எடம் நல்லாத்தான் இருக்கு. நீங்க எங்க?” என்றார் லூர்து அம்மாள்.

“ஆட்டோ பின்னாடி நின்னேன்.”

“எளச்சிட்டீங்களான்னு பாக்கலாம்னு ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பாத்தேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் மறுபடியும் போனோம். பனி இல்லை, வானம் மூடியிருந்தது. புகைபோக்கிக்கு முன்னால் அந்துவான் நெஞ்சை நிமிர்த்தி அணிவகுப்பில் நிற்பவர்போல் நின்றார். சுமாரான படம். அனுப்பிவிட்டு, என் ஊர் திருப்பூருக்குப் பஸ் ஏறினேன்.

விழுப்புரம் தாண்டும்போது அவர் கூப்பிட்டார். மனை பிடித்ததா என்று கேட்டேன்.

“அதப் பத்தி ஒண்ணும் சொல்லல முசியே. காலரு கிழிஞ்சிருக்குதுன்னு திட்டறா. இங்க வர டிக்கெட் போடச் சொல்லிப் பொண்ணுகிட்ட சொல்லிட்டாளாம்.”