பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கிளீனராக லாரியில் ஏறினேன். இன்று பதினோரு லாரி, ஒரு பெட்ரோல் பங்க், திசையன்விளையில் ஒரு கல்யாண மண்டபம். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், பஸ் ஸ்டாப் நிழற்குடை... எல்லாக் கல்வெட்டிலும் என் பெயர் இருக்கும். கேட்டுத்தான் போடச் சொன்னேன். உழைத்தவன் கேட்கக் கூடாதா?

போன வாரம் ஒரு பெண் என் பெயரைக் கேட்டாள் — வேறோர் இடத்தில் போட.

என் டிரைவர் ஒருவன். முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். தை மாதம் நாசிக் லோடு போய் வந்தவன், வீட்டுக்குப் போகாமல் ஷெட்டிலேயே கிடந்தான். விசாரித்தேன்.

"வழியில ஒரு எடத்துல புத்தி கெட்டுப் போயிட்டேன் அண்ணாச்சி. பயமா இருக்கு. எம் பொண்டாட்டி மொகத்துல எப்படி முழிக்க?"

நானே காரில் கூட்டிப் போனேன் — அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்கு. அவன் தப்பு செய்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது.

அங்கிருந்த ஆலோசகர் அம்மா விடவில்லை. "இது முடிவில்ல சார். கிருமி உள்ள இருந்தாலும் டெஸ்ட்ல தெரிய சில வாரம் ஆகும். மூணு மாசம் முடிஞ்சு திரும்ப வாங்க. அதுவரைக்கும் வீட்டுல ஆணுறை இல்லாம சேரக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. வருடாவருடம் லாரிக்கு எஃப்.சி. தகுதிச் சான்று வாங்குகிறவன் நான். வண்டி பாஸ் என்றால் அன்றைக்கே ரோட்டில் இறக்க வேண்டியதுதானே! வெளியே வந்து அவன் முதுகில் தட்டினேன்.

"அந்தம்மா அப்படித்தான் பயம் காட்டும். பேப்பர்ல இல்லைன்னு போட்டிருக்குல்லா? வீட்டுக்குப் போலே!"

போனான். மறுபடி டெஸ்டுக்குப் போகவே இல்லை.

ஆவணியில் அவன் மனைவிக்கு மூன்றாம் மாதம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனை... பாசிட்டிவ். பிறகு அவனுக்கும் எடுத்தார்கள். பாசிட்டிவ்.

அவன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? தை மாத ரிப்போர்ட்டைத் தெருவில் தூக்கிக் காட்டினாள். "அண்ணாச்சியே கூட்டிட்டுப் போயி வாங்குன பேப்பர் இது! எம் மவன் சுத்தம். இவ எவன்கிட்ட வாங்கிட்டு வந்தாளோ?" தெரு நம்பியது. அவனோ வாயே திறக்கவில்லை, பாவி.

அவன் மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் பேசப் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"எல்லாக் கல்லுலயும் ஒங்க பேரத்தான போடுதிய அண்ணாச்சி? இந்தப் பழியில மட்டும் எதுக்கு எம் பேரு?"

பேசிப் பேசியே பதினோரு லாரி வாங்கியவன்... செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மாத்திரை சாப்பிடுகிறாள். விடாமல் சாப்பிட்டால் பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். தெருவின் வாய்க்கு எந்த டாக்டரிடம் போவது?

பன்னிரண்டாம் நாள் 'இல்லை' என்று வந்தால், 'இன்னும் தெரியவில்லை' என்று அர்த்தம். அதை அந்த அம்மா தெளிவாகத்தான் சொன்னார். கேட்க எனக்குத்தான் காது இல்லை.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தெருக்காரர்களே... தப்பு செய்தவன் அவன். அவனை வீட்டுக்கு அனுப்பியவன் நான். அவள் பெயரை எடுங்கள்.

என் பெயரைப் போடுங்கள். இதையும் கேட்டுத்தான் வாங்குவேன்!