மிச்ச ரத்தம்

ஏழாம் மாசம் வளையல் போட்டுத் தங்கச்சியை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, அவள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நானும் எதிரில் உட்கார்ந்துகொள்வேன். கருவாட்டுக் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிடுவாள். கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்கும்.

"என்னக்கா இப்படி முழிச்சு முழிச்சுப் பாக்குற? கண்ணு வச்சிராத தாயி" என்பாள்.

சிரித்து வைப்பேன். அம்மா பக்கத்திலேயே நின்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான், எனக்கும் பாதிதான் தெரியும். அந்தப் பாதிதான் என்னைக் கொன்றது.

திண்டுக்கல்லில் ஓர் ஆய்வகத்தில் ரத்தம் பார்ப்பது என் வேலை. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எயிட்ஸ் என்ற சொல்லைச் சுவரில் எழுதலாம், வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த காலம். எந்தப் பக்கம் கிருமி பரவுகிறது, யாருக்கு ஆபத்து அதிகம், தடுப்பு வேலையை எங்கே தொடங்குவது என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வு நடந்தது. கர்ப்பிணிகள் முதல்முறை ஆஸ்பத்திரியில் பேர் பதியும்போது ரத்தம் எடுப்பார்கள் அல்லவா, வழக்கமான சோதனைக்குப் போக அதில் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தைச் சின்னக் குழாயில் ஊற்றி, பெயரைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஓர் எண்ணை மட்டும் ஒட்டி, ஐஸ் பெட்டியில் எங்களுக்கு அனுப்புவார்கள். கூடவே வயது, கிராமமா டவுனா, எத்தனையாவது பிரசவம் என்ற விவரம் வரும். எண்ணுக்குரிய பெயர் எங்குமே இருக்காது. யாராலும் திரும்பிப் போய்த் தேட முடியாது. அப்படித்தான் அந்த ஆய்வையே அமைத்திருந்தார்கள்.

அது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். தொண்ணூறுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெண்ணின் முடிவு பெயரோடு வெளியே போய்விட்டது. சாயங்காலத்துக்குள் டீ வாங்க வந்தவன் வரைக்கும் தெரிந்துவிட்டது. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு, தனித் தட்டு கொடுத்து அவளை உட்கார வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு அவள் எங்கள் பக்கம் வரவே இல்லை. பெயரே வேண்டாம் சாமி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

எரியோட்டுப் பக்கமிருந்த ஓர் ஆஸ்பத்திரியின் பெட்டி எங்களிடம் வந்து சேர்வதற்கே சில மாதங்கள் ஆகிவிட்டன. சோதனைத் தட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும். கிருமி இருந்தால் குழி மஞ்சளாகும். அன்று ஒரு குழி மஞ்சளானது. வேறு கிட் வைத்துப் பார்த்தேன், மறுபடியும் மஞ்சள். விவரத்தைப் புரட்டினேன். கிராமம். இருபத்தைந்துக்குள் வயது. தலைப்பிரசவம்.

எனக்குப் பகீரென்றது. என் தங்கச்சி கட்டிக்கொண்டு போனது எரியோட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அந்த ஆஸ்பத்திரியில், அந்தப் பெட்டிக்கு ரத்தம் எடுத்த வாரத்தில்தான் பேர் பதிந்தாள். அவளுக்கும் இது தலைப்பிரசவம். மாப்பிள்ளை முருங்கைக்காய் லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் வரைக்கும் போய்வருகிறவர். தங்கமான மனுசன். தங்கமான மனுசர்களின் ரத்தத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஓடிப்போய் எங்கள் டாக்டரம்மாவிடம் நின்றேன்.

"அந்த நம்பர் யாரோடதுன்னு எனக்குத் தெரியணும் மேடம்."

"யாருக்கும் தெரியாதும்மா."

"எங்கயாச்சும் ஒரு மூலையில எழுதி வச்சிருப்பாக மேடம்!"

"இங்க பாரும்மா, மறைச்சு வச்சிருந்தா எடுத்துக் குடுத்துருவேன். இல்லவே இல்ல. இல்லாததை எங்க போயி எடுப்பேன்?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "வலி கண்டதும் தாய்க்கு ஒரு மாத்திரை, பொறந்த பிள்ளைக்குச் சொட்டு மருந்து, இது ரெண்டும் நம்மகிட்ட இருக்கு. பிள்ளைக்கு ஒட்டாம இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஒருத்திக்கு இருக்குன்னும் தெரியும். யாருன்னு மட்டும் தெரியாது. இது என்ன மேடம் ஆராய்ச்சி? குருடன் கையில விளக்கைக் குடுத்த மாதிரி!" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, ஒரு வழிதான் இருக்கிறது என்றார். இன்னார் என்று சொல்லாமல், அந்தப் பக்கத்துக் கர்ப்பிணிகள் எல்லோரையும் டவுனுக்கு வந்து ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்வது.

ஊர் ஊராக நர்சுகள் போய்ச் சொன்னார்கள். போனவர்கள் எல்லோரும் ஒரே பதிலோடுதான் திரும்பி வந்தார்கள். "மருமக இங்கன இல்லையே, அவுக ஆத்தா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிட்டா." எந்த ஊர் என்று கேட்டால், "அங்கிட்டு, கரூர் பக்கம்" என்று மாமியார் கையை நீட்டுவாராம். கரூர் பக்கம் என்றால் அது பாதி ஜில்லா. ஆஸ்பத்திரியில் இருந்ததெல்லாம் புருசன் வீட்டு விலாசம். அந்த வாரம் பேர் பதிந்த தலைப்பிரசவக்காரிகளில் பெரும்பாலானவர்கள் என் தங்கச்சியைப் போலவே வளையலைக் குலுக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். ஆய்வை வகுத்தவர்களில் ஒருத்தருக்காவது இது தோன்றியிருக்க வேண்டாமா? எனக்கும்தான் தோன்றவில்லை. என் வீட்டிலேயே ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தும்!

அந்த வாரம் பதிந்தவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாசக் கணக்குத்தான். தங்கச்சி வயிறு இறங்க இறங்க, அந்த இன்னொருத்தியின் வயிறும் இறங்குகிறது. அந்த இன்னொருத்தி என் தங்கச்சியே என்றால்?

ஒருநாள் ஊசியும் குழாயும் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "உடம்புல ரத்தம் கம்மியா இருக்கான்னு பாக்கணும், கைய நீட்டு" என்றேன். உடனே நீட்டினாள். வளையல்களை மேலே தள்ளி ரப்பரைக் கட்டினேன். நரம்பு நன்றாகப் புடைத்து நின்றது. குத்த முடியவில்லை. என்னை நம்பி நீட்டிய கை அது. ரப்பரை அவிழ்த்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் முகம் செத்துப் போனது. பிறகு சிவந்தது.

"எம் புருசனப் பத்தி என்னக்கா நெனச்ச நீ?"

"அவரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல புள்ள. அந்த வாரம் அங்க வந்தவள்ல ஒருத்தின்னுதான்…"

"அந்த ரத்தம் பாக்குற ரூமுக்குள்ள போயிட்டு வந்தா எம் மாமியா என்னைய வாசப்படி ஏத்துவாளா? கல்யாணமே கட்டாதவ, ஒனக்கு என்ன தெரியும்?"

சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு நான் போட்டால் எழுந்து போனாள். அம்மா நடுவில் நின்று, "மாதாவே, இதுக ரெண்டுக்கும் என்ன கேடு வந்துச்சு?" என்று புலம்பினார். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். கோயிலில் முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. அவளாக இருக்கக்கூடாது ஆண்டவரே, அவளாக இருக்கக்கூடாது என்று அது ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாராகவாவது இருக்கட்டும் என்பதுதானே அதற்கு அர்த்தம். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு காலைப் பூசை முடிந்து வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"வா, போவோம். ஒனக்காக ஒண்ணும் வரல. இது உதைக்குது. இதுக்காக வாரேன்."

அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் கோயில் பங்குக்காரப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனாள். இவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. முடிவு வந்தது. இல்லை.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நடுவழியில் நின்று சிரித்தேன், அழுதேன், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அவளுக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அது யாருக்கா?" என்றாள்.

என் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அதுவரைக்கும் அது ஒரு குழாய். என் தங்கச்சி இல்லையென்றால் தீர்ந்தது என்றிருந்தேன். அவளுக்கு அப்படியில்லை. அன்றைக்கு அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

"மாங்கா கீத்து குடுத்தா ஒருத்தி. செம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி அவுக அப்பா டீக்கட வச்சிருக்காராம், பிரசவத்துக்கு அங்கதான் போவேன்னா. இன்னொருத்தி குஜிலியம்பாறைப் பக்கம் வாக்கப்பட்டவ. பாவம், வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தா. அவ பைய நாந்தான் மடியில வச்சிருந்தேன்."

"பேரு கேக்கலையாடி?"

"வாந்தி எடுக்குறவகிட்ட பேரா கேப்பாக?"

மறுநாளே செம்பட்டிக்குப் போக எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். அந்த வயிற்றோடு போகாதே என்று அம்மா திட்டியதை அவள் காதிலேயே வாங்கவில்லை. டீக்கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண் இவளைப் பார்த்துவிட்டு, "அட, மாங்கா!" என்று ஓடிவந்தாள். ரெண்டு வயிறும் இடித்துக்கொள்ளச் சிரித்தார்கள். நான் என்னென்னவோ பேசத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் தங்கச்சி, "நான் அந்த ரத்தம் பாத்துட்டேன். நீயும் வா, பாத்துருவோம். பிள்ளைக்கு நல்லது" என்று சொல்லிவிட்டாள். "நீயே பாத்துட்டியா? அப்பச் சரி, வாரேன்" என்றாள் அவள். என் பைக்குள் இருந்த துண்டுப் பிரசுரங்களை நான் வெளியே எடுக்கவே இல்லை.

அவளுக்கும் இல்லை. அதைக் கேட்டதும் எனக்குள் சப்பென்று ஆனது. சீ, ஒரு பெண்ணுக்கு நோய் இல்லை என்பதற்கு இப்படி ஒரு மனசு வருமா என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் தேடுகிறவளுக்கு அப்படித்தான் ஆகிறது. இல்லை, இல்லை என்று வருகிற ஒவ்வொரு முடிவும் மிச்சமிருக்கிறவள் தலைமேல் போய் உட்காருகிறது. நர்சுகள் பேசிக் கூட்டிவந்த இன்னும் சிலருக்கும் இல்லை. அவர்கள் சிரித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். நான் கையசைத்துவிட்டு உள்ளே வந்து முகம் கழுவினேன்.

குஜிலியம்பாறைப் பக்கம் அந்த ஊர் நர்சம்மாவோடு வெயிலில் வீடு வீடாக அலைந்தேன். வாந்தி எடுத்தவள் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? மாசமானவர்கள் எல்லாரும்தான் வாந்தி எடுக்கிறார்கள். ஒரு மாமியார், "எம் மருமகளத் தேடி எதுக்கு ஆஸ்பத்திரிக்காரி வாரீக? அவளுக்கு என்ன?" என்று சந்தேகமாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னும் ஒரு வார்த்தை கேட்டால் ஒரு கட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடும். "சும்மா, தடுப்பூசிக்குத்தான் ஆத்தா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த தங்கச்சிக்கு இடுப்பில் வலி கண்டது ஒரு பகல்நேரம். ஆட்டோவில் போகும்போதே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் எதை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "தாயும் பிள்ளையும் நல்லா இருக்கு, இன்னும் எதுக்குடி அழுகுற?" என்று என்னை அதட்டினார். பிரசவ அறைக்குப் பக்கத்து அறையின் அலமாரியில்தான் அந்த மாத்திரைகள் இருந்தன. காலாவதியாகும் மாதம் வரைக்கும் எனக்கு மனப்பாடம்.

தங்கச்சி பிள்ளையை என்னிடம் நீட்டினாள். கையில் வாங்கினேன். அவள் தலையணையில் சாய்ந்தபடியே கேட்டாள்.

"அக்கா, அவளுக்கும் இந்நேரம் வலி எடுத்திருக்கும்ல?"

"ம்."

"அந்த மாத்திரையப் பத்தி யாராச்சும் அவகிட்ட சொல்லியிருப்பாகளா?"

"சொல்லியிருப்பாகடி" என்றேன். அவள் நம்பவில்லை. பிள்ளையைத் திருப்பி வாங்கி மார்போடு அணைத்துப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.