தோரணவாசலுக்குள் போன வெள்ளைக் கார்

ஒகிட்சு கிசாபுரோ லாரி ஓட்டியே தலை வழுக்கையான மனிதர். அவர் வேலை பார்த்த கார் கம்பெனி செய்த எந்த வண்டியானாலும் துறைமுகத்தில் தன் கையால் ஓட்டிக் கப்பலேற்றினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்த வெள்ளைப் பந்தயக் காரை மட்டும் தொடக்கூட விடவில்லை. மூக்கில் பெரிய சிவப்பு வட்டம். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் எஞ்சின். அதில் பன்னிரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் தேநீர்க் கோப்பை அளவுதான். சோதனைக் கூடத்தில் அது கூவும்போதெல்லாம் கிசாபுரோ லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ராத்திரி கனவிலும் அதே கூவல்தான், ஓட்டுவது அவர்தான். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் மனைவி குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள்.

அதில் ஒரே ஒருமுறை உட்கார்ந்துவிட வேண்டும். மனுஷருக்கு வேறு ஆசையே கிடையாது.

கார் வெளிநாட்டுப் பந்தயத்துக்குக் கிளம்பிய காலையில், அதை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும் வேலை அவருக்கு வந்தது. பக்கத்தில் எஞ்சினை உருவாக்கிய இவாகி. நெல் வயல்களின் மேல் மூடுபனி அசையாமல் கிடந்தது. சாலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"இவாகி சான், ஒரு நிமிஷம் உக்காந்துட்டு எறங்கிடறேனே."

"இந்தத் தொப்பையோடயா? அப்புறம் உங்கள வெளிய எடுக்க கிரேன் வரணும்."

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கறேன்."

"வேணாம்னா வேணாம்."

கேலி செய்தாரே தவிர, முகத்தில் சிரிப்பில்லை. கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான் இருந்தார்.

வழியில் கோயிலில் காருக்குப் பூஜை போடச் சொல்லி முதலாளி உத்தரவு. லாரி சிவப்புத் தோரணவாசலில் நுழையாது. பின்னால் வேறொரு வண்டியில் வந்த இரண்டு மெக்கானிக்குகள் காரை இறக்கினார்கள். இவாகி உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க, அவர்கள் உள்ளே தள்ளிப்போவதாக ஏற்பாடு. வாசல்வரை வந்த இவாகி சட்டென்று நின்றுவிட்டார்.

"நான் உள்ள வரக்கூடாது. தீட்டு."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"அப்பா. போன மாசம்."

"ஒரு வார்த்தை சொல்லலையே!"

"தந்தி வந்தப்ப எஞ்சின் ஓடிட்டிருந்துச்சு. நிறுத்திட்டுப் போக மனசு வரல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எரிச்சுட்டாங்க." கையுறைகளைக் கழற்றி நீட்டினார். "நீங்க உக்காருங்க."

கிசாபுரோ உட்கார்ந்தார். தொப்பை இடித்தது, கால் பெடலுக்கு எட்டவில்லை. ஆனால் என்ன! மூடுபனி முகத்துக்கு நேரே வந்து விலகியது. தேவதாரு மரங்கள் இருபுறமும் மெல்ல நகர்ந்தன. முதுகுக்குப் பின்னால் எண்ணெய் வாசனையோடு அந்த எஞ்சின் தூங்கிக்கொண்டிருந்தது. கூவல் ஒன்றைத் தவிர, கனவு கண்டதெல்லாம் அப்படியே இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே வெட்கமாகவும் இருந்தது, வேறொருவருக்குப் போட்ட பந்தியில் உட்கார்ந்துவிட்டது போல.

பூசாரி பூஜையில் அசைக்கும் வெள்ளைக் காகிதக் குஞ்சலத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"உக்காந்திருக்கறவர் பேரைத்தான் சாமிகிட்ட சொல்லுவோம். உங்க பேரு?"

அவர் பெயர், அந்தக் காரோடு சேர்த்து, சாமி காதில். இப்படி ஒன்றைக் கனவில்கூட அவர் கேட்டதில்லை. வாய் திறந்தவர், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். வாசலுக்கு வெளியே இவாகி கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக நின்றிருந்தார்.

"பன்னெண்டு சிலிண்டர் எஞ்சினைச் செஞ்ச இவாகி தோமோஜி," என்றார் கிசாபுரோ.

மெக்கானிக் ஒருவன் இருமினான். மற்றவன் அவசரமாக மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"சத்தமாப் படிங்க சாமி. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்று பூசாரியிடம் சொன்னார் கிசாபுரோ.

பூசாரிக்கு நல்ல குரல். பன்னிரண்டு சிலிண்டர்களையும் அதைப் படைத்த இவாகி தோமோஜியையும் காக்கும்படி அவர் கூவிய கூவல் மரங்களைத் தாண்டி வாசலுக்கு வெளியே போயிற்று. பிறகு அங்கிருந்து, "அப்பா" என்று ஓர் அழுகை வெடித்தது. ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

கிசாபுரோ திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, அந்த அழுகை முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார்.