வெங்காயத் தராசில் அம்மா

ஒன்றரை அந்தரும் பத்து இறாத்தலும். அம்மாவை முதன்முதலாக நிறுத்துப் பார்த்தபோது அவ்வளவு, இன்றைய கணக்கில் எண்பது கிலோ, இருந்தார். நிறுத்தது ஆஸ்பத்திரியில் அல்ல. இணுவிலில், பக்கத்து வளவுக்காரரின் கொட்டிலில், வெங்காய மூட்டை நிறுக்கிற தராசில். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்கியதை அம்மா கண்டுவிட்டார்.

அவருக்கு ஏற்கெனவே வலது கண் போய்விட்டது. இடது கண்ணிலும் படலம் மூடிக்கொண்டு வந்தது. சலரோகச் சீனி இறங்காமல் கத்தி வைக்கமாட்டேன் என்றார் பட்டணத்துக் கண் டொக்டர். இருபது இறாத்தலாவது குறைத்துக்கொண்டு வாருங்கள், அதிகம் பிந்தவும் வேண்டாம் என்றார். அண்ணை கொழும்பிலிருந்து கடிதம் போட்டார்: சோற்றைக் குறை, அம்மாவை நடக்கவிடு. எழுதுவதற்கென்ன, தபால்தலை ஒன்று போதும்.

நான் அப்போது ஆசிரியை. விடிய எழும்பிக் குரக்கன் பிட்டு அவித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். பின்னேரம் வந்து பார்த்தால் பிட்டைத் தின்று எங்கள் கோழிகள்தான் கொழுத்திருக்கும். சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. டொக்டர் சொல்வது அம்மாவுக்கு ஏறாது, கோயில் காரியம் என்றால் ஏறும். வெள்ளிக்கிழமையோடு சதுர்த்தி, ஏகாதசி, பிரதோஷம் எல்லாவற்றையும் பிடிக்கச் சொன்னேன். அம்மா மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

விரதமென்றால் எங்கள் ஊரில் ஒரு நேரச் சாப்பாடு. அந்த ஒரு நேரம் எப்படிப்பட்டது என்பதை மறந்துபோனேன். தலைவாழையிலை, ஐந்து கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். கோயிலிலிருந்து புக்கையும் மோதகமும் வேறு. ஒரு மாதத்தில் அம்மா மூன்று இறாத்தல் கூடியிருந்தார்.

விரதங்களை விடச் சொன்னேன்.

"பிடிச்ச விரதத்தை இடையிலை விடுறதோ?" என்றார் அம்மா. அத்தோடு கதை முடிந்தது. சைவ வீட்டுப் பிள்ளை அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாயாசம் காய்ச்சியதும் நான்தான்.

பிறகு சத்தம் போடத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்தி, வீட்டுக்கு வந்து அம்மாவோடு கத்தினேன். ஒரு நாள் அவர் கையிலிருந்த மோதகத்தைப் பிடுங்கியும்விட்டேன். அறுபத்தெட்டு வயது மனுஷி, வெறுங்கையைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு என்னையே பிடிக்காமல் போனது.

அதற்குப் பிறகு தராசுக்குத் தனியாகப் போவேன் என்றார் அம்மா. நான் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்றால் அவருக்கு வெட்கமாம். சனிக்கிழமைகளில் வளவுக்காரர் எழுதிக் கொடுத்த துண்டோடு வருவார். இரண்டு குறைவு. அடுத்த முறை இன்னும் ஒன்று. நான் கலண்டரில் குறித்துவைத்தேன். பாயாசத்தில் நான் சீனியைக் குறைத்தது பலித்துவிட்டது என்று நம்பினேன். நாலைந்து மாதத்தில் இருபதும் குறைந்துவிட்டது.

அரைநாள் லீவு போட்டுப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டரின் தராசில் அம்மா பழையபடி ஒன்றரை அந்தருக்கு மேல் நின்றார். தராசு பிழை என்று நான் அந்த மனிதரோடு வாதாடினேன். அவர் சலப் பரிசோதனைத் தாளை எடுத்துக் காட்டினார். சீனி துளியும் இறங்கவில்லை. இன்னும் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா வாய் திறந்தார்.

"வளவுக்காரரிலை பிழையில்லை. நான்தான் குறைச்சு எழுதித் தரச்சொன்னனான்."

"ஏனம்மா? உங்கடை கண்ணெல்லோ?"

"அந்தத் துண்டைப் பாக்கேக்கை மட்டும்தான் உன்ரை முகம் கொஞ்சம் தெளியுது, பிள்ளை. கண் இருக்கேக்கை அதைத்தானே நான் பாக்கவேணும்."

ஏசுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் களைத்திருந்தேன். இணுவிலில் நான் முதலில் இறங்கி, அவர் கையைப் பிடித்தேன். பஸ்ஸின் படி எங்கே இருக்கிறதென்று அம்மா காலால் தடவித் தடவித்தான் இறங்கினார்.