திரும்பப் பாடும் பகுதி

அந்தப் பாதுகாப்பு அதிகாரியை எனக்கு இன்றுவரை பிடிக்காது. அபுதாபியில், ருவைஸ் எண்ணெய் ஆலையில் ஹெல்மெட் போடாதவனைத் தேடும் அதே கண்ணால்தான் எங்கள் தமிழ்ப் பாடகர் குழுவையும் நடத்தினார்.

கிறிஸ்துமஸ் விழாவுக்கு என் தனிப்பாட்டு ஓர் ஆரியா. ஐரோப்பாவில் ஒற்றைக் குரலுக்கென்று எழுதப்பட்ட வகை. தொடக்கத்தில் அங்கே இசை நாடகங்களில் கதையைப் பேச்சுப்போல் பாடிக்கொண்டே போனார்களாம். பிறகு பாட்டு கதையை நிறுத்திவிட்டுத் தனியே எழுந்து நின்றது. முதல் பகுதி, நிறம் மாறிய இரண்டாம் பகுதி, மறுபடியும் முதல் பகுதி. அந்த மறுபடியில்தான் பாடுகிறவளுக்கு உரிமை. வளைக்கலாம், உதிர்க்கலாம், தன் இஷ்டப்படி சுரங்களை அள்ளிச் சேர்க்கலாம். இது பொறுக்காமல் பின்னால் வந்த இசையமைப்பாளர்கள் ஒவ்வொரு சுழிப்பையும் தாங்களே எழுதிவைத்தார்கள். போகப்போக மறுபடியையே வெட்டினார்கள்.

என் சுழிப்புகளை நானே செய்தேன். நான் நர்ஸாக இருந்த ஆலை கிளினிக்கில் ஸ்டெரிலைசர் இரையும் நேரங்களில், கருவித் தட்டுகளுக்கு முன்னால் நின்று, இரண்டு மாதம்.

கடைசி ஒத்திகையில் அவர் கையைத் தூக்கினார்.

“ஒருக்கா பாடினத எதுக்கு சிஸ்டர் திரும்பப் பாடுதீய? ஜனங்களுக்குக் காது கேக்காதா?”

“திரும்பப் பாடுததுதான் அண்ணே பாட்டே.”

“அப்ப முதல்ல பாடுதது என்ன, மைக் டெஸ்டிங்கா?”

குழுவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

“விழாவன்னைக்கு ஆறு மணிக்கு மலையாளத்துக்காரங்க ஹாலுக்கு வந்துருவாங்க. ரெண்டு பகுதி போதும். கலாஸ், அவ்வளவுதான்.”

விழாவன்று வன்மத்தோடு மேடையேறினேன். திரும்பப் பாட விடமாட்டாயா, முதலிலேயே எல்லாச் சுழிப்பையும் போடுகிறேன். போட்டேன். மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. மெட்டையே கேட்டிராதவர்களுக்கு நான் எதை வளைக்கிறேன் என்று எப்படித் தெரியும்? காணாத முகத்துக்கு மை தீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பகுதி முடிந்ததும், அலங்காரமில்லாத அந்த மெட்டையாவது அவர்கள் கேட்கட்டும் என்று மூச்சிழுத்தேன். அவர் கீபோர்டுக்காரனைப் பார்த்துக் காற்றைக் கையால் அறுத்தார். பாட்டு பாதியில் தொங்கியது. கைதட்டினார்கள், பலமாகவே.

“பாத்தீயளா சிஸ்டர், கச்சிதமா முடிஞ்சிட்டு. ஈஸ்டருக்கும் இப்படியே ஒண்ணு பாடிருங்க.”

“ஈஸ்டருக்கு டூட்டி அண்ணே.”

எனக்கு ஈஸ்டர் வாரம் முழுக்க லீவு பாஸாகியிருந்தது.