பதின்மூன்றாவது பௌர்ணமிக்கு வட்டி

பிற்பகல் நாலேகால் மணிக்கு அப்பாவின் செருப்புச் சத்தம் படிக்கட்டில் கேட்டதும் அம்மாவின் தையல் மெஷின் சட்டென்று நின்றது. வங்காளத்தில், கார்டன் ரீச்சில் கப்பல் கம்பெனிக் குமாஸ்தாவாக இருந்தவர் விளக்கு வைக்குமுன் வீடு திரும்பினால் அது நல்லதற்காக இருக்காது என்று எட்டு வயதான எனக்கே தெரியும்.

என் தம்பி பிறந்து அம்மா ஜன்னியில் கிடந்தபோது, வைத்தியச் செலவுக்காக அப்பா ஆபீஸ் வாசல் காவலரிடம் அறுபத்து நான்கு ரூபாய் கடன் வாங்கியிருந்தார். "தர்வான்ஜி" என்று எல்லோரும் மரியாதையாக அழைத்த அந்த மனிதர்தான் பாதி ஆபீசுக்குக் கடன் கொடுத்தவர். ரூபாய்க்கு மாதம் அரை அணா வட்டி. ஆக, மாதம் இரண்டு ரூபாய். ஒரு வருஷத்துக்குள் முதலும் வட்டியும் தீராவிட்டால் தையல் மெஷின் அவருக்கு என்பது கடன் சீட்டில் எழுத்து. அந்த மெஷினில் வங்காளி வீடுகளுக்கு ரவிக்கை தைத்துத்தான் அம்மா என் பள்ளிச் சம்பளத்தைக் கட்டிவந்தாள்.

சம்பளத்துக்குச் சம்பளம் வட்டியைத் தவறாமல் கொடுத்துவந்த அப்பா, கெடு முடியும் நாளான அன்று முதலை நீட்டியபோது, ஒரு மாத வட்டி பாக்கி, அபராதத்தோடு ஒன்பது ரூபாய் வைத்தால்தான் சீட்டைக் கிழிப்பேன், இல்லாவிட்டால் ஆறு மணிக்கு மெஷினுக்கு ஆள் வரும் என்றிருக்கிறார் தர்வான். அப்பா மாதத்தைச் சம்பளத் தேதியால் எண்ணினார். அவரோ தம் ஊர் வழக்கப்படி பௌர்ணமிக்குப் பௌர்ணமி எண்ணினார். அந்த வருஷம் அவர்களுக்கு "மலமாசம்" என்ற உபரி மாதம் வந்ததால் பன்னிரண்டு பதின்மூன்றாகிவிட்டது. கடன் வாங்கும்போது எந்த மாதம் என்று கேட்க அப்பாவுக்குத் தோன்றவில்லை.

"ஒம்பது ரூபாய்க்கு நான் எங்கே போவேன்?" என்று அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மணிக்கு தர்வான் இரண்டு கூலிகளோடு வந்தார். அயல் ஆண்களிடம் பேசியே அறியாத அம்மா, தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். காய்கறிக்காரியிடம் கற்ற அரைகுறை ஹிந்தியில் அவள் பேசியதை, நாங்கள் பிறகு வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்த தமிழில் தருகிறேன்.

"தர்வான்ஜி, இந்த வருஷம் கம்பெனி உங்களுக்கு எத்தனை சம்பளம் குடுத்தது?"

"பன்னிரண்டு, மாஜி. அதுக்கென்ன?"

"பதிமூணாவது பௌர்ணமிக்கு சாஹேப் ஒண்ணும் தரலையா?"

கூலிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். "அது சாஹேப் கணக்கு. கடன் எங்க ஊர்க் கணக்கு," என்றார் தர்வான்.

"சரி, உங்க ஊர்க் கணக்குக்கே வரேன். மலமாசம்னு உங்க பொண்ணு கல்யாணத்தைத் தள்ளி வச்சேள்னு இவர் சொன்னாரே. கல்யாணத்துக்கு ஆகாத மாசம் வட்டிக்கு மட்டும் ஆயிடுத்தா?"

மாடியிலிருந்து, நாங்கள் மாஷிமா என்று அழைத்த வீட்டுக்கார அம்மாள், சரியாகச் சொன்னாள் என்று வங்காளியில் உரக்கச் சொன்னாள். தர்வான் மீசையைத் தடவினார், கூலிகளைப் பார்த்தார், பிறகு அறுபத்து நான்கு ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டார். அன்று அப்பா முதலில் இலையில் உட்காரவில்லை. அம்மாவும் வந்து பக்கத்தில் உட்காரும்வரை காத்திருந்தார்.

இன்று கடன் கொடுக்கும் தர்வான்கள் இல்லை. பௌர்ணமி பார்த்து வட்டி கேட்பாரும் இல்லை. ஆபீசிலேயே கடன் சங்கம் வைத்து, அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். போன வாரம் என் மகன் அப்படியொரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து சொன்னபோது, படித்தவளான நான் அவனை விடவில்லை. மாதம் என்றால் எந்த மாதம் என்று கேட்டாயா என்று மூன்று தடவை கேட்டேன். அவன் சிரித்தான். சிரிக்கட்டும் என்று, அம்மாவின் வெற்றியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியை அவனுக்குச் சொன்னேன்.

சீட்டுக் கிழிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தர்வான்ஜி தனியாக வந்து, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிலேயே நின்றார். மகள் கல்யாணத்துக்கென்று அவரும் முந்தின வருஷமே படா பஜாரில் ஒரு வட்டிக்கடை மகாஜனிடம் கடன் வாங்கி வைத்திருந்தாராம்.

"மாஜி," என்றார், "அவன் என்கிட்ட பதிமூணு கேக்கறான். நீங்க ஒரு நடை வந்து பேசணும்."