குடியிருந்தவள் ஏற்றிய விளக்கு

“குடியிருப்பவர்கள் வீட்டைப் பாழாக்குகிறார்கள். நினைத்தவுடன் அவர்களை வீட்டைவிட்டு எழுப்ப எங்களுக்கு உரிமை வேண்டும்” என்று மன்னாரில் வீட்டுச் சொந்தக்காரர்களின் கூட்டத்தில் உரத்துப் பேசியவள் நான். கணவர் இறந்தபின், எங்களுக்குச் சொந்தமான பக்கத்து வீட்டை இடம்பெயர்ந்து வந்த ஒரு சைவக் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தேன்.

இலுப்பைக்கடவையில் சொந்த வீடு கட்டி முடிந்து அவர்கள் புறப்பட்ட அன்று, பழுது தேடியே உள்ளே நுழைந்தேன். வாடகைக்கு விடும்போது நாங்கள் கழற்ற மறந்த இயேசுவின் திரு இருதயப் படத்தின் முன் விளக்கு எரிந்தது. பக்கத்தில் புதுச் செவ்வரத்தம்பூ.

“உங்கட சாமியெல்லே அக்கா, வந்த நாளிலயிருந்து நான்தான் கொளுத்திறனான்” என்றாள் அந்தப் பெண். “இனி நீங்கள் வந்து கொளுத்துங்கோ. இருட்டில விடாதேங்கோ.”

அடுத்த கூட்டத்திலும் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பொழுதுபடுகிறது, விளக்கேற்ற வேண்டும் என்று எழும்பி வந்துவிட்டேன். அந்த வீட்டில் இப்போது யாருமில்லை. என்னை விட்டால் என் வீட்டிலும்தான்.